தொண்ணூறு மில்லி

இன்னும் ஐம்பது மில்லி வேண்டும். நாற்பது வந்தாயிற்று. அதை டாக்டர் லோரென்ஸ் மூடி முத்திரையிட்டு மேசையின் ஓரத்தில் வைத்திருக்கிறார், நல்லெண்ணெய் நிறத்தில். தொண்ணூறு இல்லாமல் ஆய்வுக்கூடம் ஏற்காது. எதிர் நாற்காலியில் முழங்கால்களை அகட்டி உட்கார்ந்திருக்கிறான் ஸ்டோயான், பல்கேரிய அணியின் பதினொன்றாம் எண், இரண்டு மீட்டர் மூன்று சென்டிமீட்டர், வயது முப்பத்துநான்கு. உடம்பில் இருந்த தண்ணீரெல்லாம் மரத்தரையில் சொட்டிப்போயிற்று, சிறுநீருக்கு எங்கே போவான். ஐரோப்பியக் கூடைப்பந்துச் சாம்பியன்ஷிப்பில் இவனுடைய கடைசி ஆட்டம் இன்று மத்தியானம் மூன்று இருபத்தைந்துக்கு முடிந்தது. நாலு விநாடி மிச்சம் இருக்க, ஒரு புள்ளி பின்னால் நிற்க, இவனுக்குக் கோட்டில் நின்று தடையில்லாமல் எறிய இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தன. இரண்டும் விழவில்லை. ஃபின்லாந்துக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் ஏறிக் குதித்தார்கள். இவன் கோட்டிலேயே நின்றான். நான் மைதான ஓரத்தில் நின்று இவனையே பார்த்துக்கொண்டிருந்தேன், அதுதான் என் வேலை. இடைவேளையில் எண் அட்டைகளைக் கவிழ்த்து வைத்து ஒன்றை எடுக்கச் சொன்னார்கள், பதினொன்று வந்தது. ஆட்டம் முடிந்ததும் பதினொன்றின் தோளைத் தொட்டு, ஊக்கமருந்துச் சோதனைக்கு நீ தேர்வாகியிருக்கிறாய் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கி, அந்த நிமிடம் முதல் இந்த அறைக்குக் கொண்டுவந்து சேர்க்கிற நிமிடம் வரை கண்ணை எடுக்காமல் கூடவே இருக்க வேண்டும். தோளைத் தொட்டது மூன்று முப்பத்தொன்று. அறைக்கு வந்தது மூன்று நாற்பது. இடையில் ஒன்பது நிமிடம். என் மடியில் இருக்கிற படிவத்தில் எல்லாம் நிரப்பியாகிவிட்டது, ஒரு கேள்வி தவிர. அறிவித்த நேரம் முதல் வந்துசேர்ந்த நேரம் வரை வீரர் தொடர்ந்து பார்வையில் இருந்தாரா. ஆம், இல்லை. இரண்டு சின்னக் கட்டம். பேனா முனை இரண்டுக்கும் நடுவில் நின்று காகிதத்தில் ஒரு புள்ளி விழுந்துவிட்டது, அதைப் பெருவிரலால் தேய்க்கிறேன், பரவுகிறது.

ஒன்றரை நிமிடம். இரண்டாகவும் இருக்கலாம். ஒன்பதில் இரண்டு. அறைக்கு வரும் வழியில், தாழ்வாரத்தின் கோடியில் ஐஸ் பெட்டி ஒன்று கிடந்தது, அதன்மேல் உட்கார்ந்தான். பனியனைத் தூக்கி முகத்தை மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. சத்தம் இல்லை, சத்தம் இருந்திருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். நான் முகத்தைத் திருப்பினேன். யோசித்துத் திருப்பவில்லை, சூடான பாத்திரத்திலிருந்து கை விலகுகிற மாதிரி முகம் தானாகத் திரும்பியது. சுவரில் தீயணைப்பு உருளை தொங்கியது, அதைக் கடைசியாகப் பரிசோதித்த தேதி எழுதியிருந்தது, மார்ச் பதினான்கு. கீழே ஒரு கையெழுத்து. அதை வாசித்தேன், மறுபடி வாசித்தேன். ஒரு ஆம்பிளை அழுது முடிக்க ஆகிற நேரத்தின் கணக்கு எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் தெரியும். செத்த வீட்டில் ஆண்கள் பந்தல்காலைப் பார்ப்பார்கள், செருப்பைப் பார்ப்பார்கள், வெற்றிலைத் தட்டில் பாக்கை எண்ணுவார்கள், அழுகிறவனை மட்டும் பார்க்க மாட்டார்கள். அவன் மூக்கைச் சிந்தின பிறகுதான் திரும்பி, தண்ணி குடிக்கிறியளோ என்று கேட்பார்கள். என் அப்பா அழுததை நான் கண்டதில்லை. அவர் அழுதபோதெல்லாம் நான் வேறு பக்கம் பார்த்தேன். திரும்பிப் பார்த்தபோது ஐஸ் பெட்டி காலியாக இருந்தது. மூடியில் ஈரம் இருந்தது, ஆள் இல்லை.  இரண்டு கதவுகள். முதலாவது பூட்டு. இரண்டாவது வீரர்களுக்குத் தசையைப் பிடித்துவிடுகிற அறை, தள்ளினேன், உள்ளே சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றான், கைகள் இரண்டும் தொங்கின, வெறுங்கை. நான் வந்ததைக் கண்டதும் போவோம் என்று தலையை ஆட்டினான். அவ்வளவுதான். ஆனால் கள்ளம் செய்ய இரண்டு நிமிடம் போதும், பயிற்சி வகுப்பில் படம் போட்டுக் காட்டினார்கள், ஒரு ரப்பர்க் குழாய், வேறொருவன் சிறுநீர், விரல்நுனியில் ஒட்டிய ஒரு சிட்டிகை தூள். உடை மாற்றும்போது வெட்கப்பட்டு முகம் திருப்பாதீர்கள் என்று மூன்று தடவை சொன்னார்கள். அதைப் பழகிக்கொண்டேன், ஒன்பது வருடமாக எத்தனையோ நிர்வாண ஆண்களைச் சுவரைப் பார்ப்பதுபோல் பார்த்திருக்கிறேன். அழுதால் என்ன செய்வது என்று ஒருவரும் சொல்லவில்லை. அது பாடத்தில் இல்லை. அதில் முகம் திருப்புகிறவன் உலகத்தில் இருப்பான் என்று அவர்களுக்குத் தெரியாது.

“இன்னொரு தண்ணீர்?” என்றேன். முத்திரை உடையாத போத்தலைத்தான் கொடுக்க வேண்டும், அதையும் அவனே எடுக்க வேண்டும். “நாலு குடித்துவிட்டேன். தவளை ஆகிவிடுவேன். பியர் இல்லையா?” என்றான். எங்கள் இருவருக்கும் நடுவில் இருக்கிற ஆங்கிலம் இரண்டு பேருக்கும் சொந்தமில்லை. டாக்டர் லோரென்ஸ் காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமலே, “இருக்கிறது. போதையில்லாத பியர்” என்றார். “ஜெயிக்காத ஆளுக்குப் போதையில்லாத பியர். நல்ல ஏற்பாடு” என்றான் ஸ்டோயான். டாக்டர் சிரித்தார், நானும் சிரித்தேன், அவன் சிரிக்கவில்லை. போத்தலைத் திறந்து பாதியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு என்னைப் பார்த்தான். “நீ அந்த இரண்டையும் பார்த்தாயா?” “பார்த்தேன்.” “முதலாவது?” “குறைவு. வளையத்தின் முன்பக்கம்.” “இரண்டாவது?” “அதிகம்.” “நீ விளையாடியிருக்கிறாய்.” “பள்ளிக்கூடத்தில்.” “எங்கே?” யாழ்ப்பாணம் என்றேன். அது எந்தக் கடலோரம் என்று அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தார் போட்ட மைதானம், மே மாதத்தில் சப்பாத்தின் அடி ஒட்டும், வளையத்துக்கு வலை கிடையாது, பந்து விழுந்ததா இல்லையா என்று ஒவ்வொரு தடவையும் சண்டை. பேரின்பம் மாஸ்டர் விசிலைக் கடித்துக்கொண்டே கத்துவார், பந்து எங்கை போனா உனக்கென்னடா, ஆளைப் பார், கண் பொய் சொல்லும், கால் பொய் சொல்லும், நெஞ்சு பொய் சொல்லாது, அவன்ரை நெஞ்சைப் பார். நான் உயரமில்லை, போடவும் தெரியாது, ஆனால் ஒருவனை மார்க் பண்ணு என்றால் அவன் தண்ணி குடிக்கப் போனாலும் பின்னால் போவேன். குலாவிட்டை ஆளைக் குடுத்தால் ஆள் துலைஞ்சான் என்று என்னோடு விளையாடின யூஜின் சொல்லுவான். யூஜின் போடுகிறவன், நான் பிடிக்கிறவன். கண்ணை மூடிக்கொண்டு ஃப்ரீ த்ரோ போடுவான், பந்தயமோடா மச்சான், பத்துக்கு எட்டு, தோத்தால் நான் உனக்கு ஒரு மாசம் சைக்கிள் உழக்குவன். ஒருநாளும் தோற்கவில்லை, உழக்கவும் இல்லை.

அந்த மைதானத்தில் ஒருநாள், நாலு மணி இருக்கும், இல்லை நாலரை, அந்த நேரத்தைப் பிறகு எத்தனையோ பேர் என்னிடம் கேட்டார்கள், அதனால் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. சீருடைக்காரர்கள் மைதானத்துக்குள் ஜீப்போடு வந்தார்கள். எங்களை வரிசையாக நிறுத்தினார்கள். முகமூடி போட்ட ஒருவன், ஆள் காட்டிக்கொடுக்கிறவன், ஜீப்பின் உள்ளேயிருந்து தலையை ஆட்டினான், யூஜினுக்கு நேரே ஆட்டினான். நடுவட்டத்தில் முழங்காலில் இருத்தினார்கள், பந்து இன்னும் அவன் கையில் இருந்தது, அதை வைத்துவிடு என்று ஒருவரும் சொல்லவில்லை, அவனும் வைக்கவில்லை. பிறகு தோளில் தொங்கிய துவக்கின் அடிப்பக்கத்தால் விரலில் அடித்தார்கள், பந்து உருண்டு வந்து என் காலில் முட்டியது. யூஜின் அழுதான். பதினேழு வயதுப் பெடியன், இருபது பேருக்கு முன்னால். நான் முகத்தைத் திருப்பி வளையத்தைப் பார்த்தேன். துருப்பிடித்த வளையம், மூன்று போல்ட் நட்டில் ஒன்று இல்லை. அதை அவனுக்குச் செய்கிற மரியாதை என்று அப்போது நினைத்தேனா, பயத்தில் நினைக்கவே இல்லையா, இப்போது தெரியவில்லை. ஜீப் சத்தம் கேட்டுத் திரும்பியபோது வட்டம் காலி. எங்கே கொண்டுபோனார்கள், எந்தப் பக்கம், அவர்களுடைய முகாம் வாசலா கோட்டைப் பக்கமா, நான் காணவில்லை. பதினொரு மாதம் கழித்து வந்தான். வலது கையில் இரண்டு விரல் மடங்காது. நான் மார்க் பண்ணத் தவறின ஒரே ஆள் நீதானடா என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தேன், அவன் சிரித்தான், பாவம், எனக்காகச் சிரித்தான்.

டாக்டர் கடிகாரத்தைப் பார்க்கிறார். நாலு முப்பத்தெட்டு. ஸ்டோயான் எழுந்து நடக்கிறான், மூன்று எட்டில் அறை முடிந்துவிடுகிறது, திரும்புகிறான். இல்லை என்று குறித்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். டாக்டர் அறிக்கை எழுத வேண்டும். யாரோ ஒரு குழு கூடும். அந்த இரண்டு நிமிடம் என்ன செய்தாய் என்று இவனைக் கேட்பார்கள். சுவரில் முட்டிக்கொண்டு நின்றேன் என்பான். ஏன் என்பார்கள். அழுதேன் என்பானா. நாலு வருடம் வரைக்கும் தடை போடலாம், முப்பத்துநான்கு வயதுக்காரனுக்கு நாலு வருடம் என்றால் வாழ்நாள். தப்பித்து ஓடப்பார்த்தவன் என்று ஒரு சொல் இவன் பெயருக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும், தடை போடாவிட்டாலும் அது உரியாது. எனக்குத் தெரியும், எப்படிக் காகிதத்தில் ஒரு சொல் ஒட்டிக்கொள்ளும் என்று. தொண்ணூற்றுநான்காம் ஆண்டு, இதே நாட்டில், இங்கிருந்து ரயிலில் நாற்பது நிமிடம், அகதி விசாரணை அலுவலகத்தின் இரண்டாம் மாடி, சன்னலுக்கு வெளியே ஒரு வாதுமை மரம். யூஜினுடைய அகதி விண்ணப்பத்துக்கு நான் சாட்சி. விசாரணைக்கு முந்தின நாள் என் அறைக்கு வந்தான், நான் அப்போது மூன்று பேரோடு ஒரு அறையில் இருந்தேன், பாண் வெட்டிக்கொண்டே சொன்னான், இடது கையால் வெட்டப் பழகியிருந்தான். “முகாமுக்குள்ளை கொண்டுபோனதைக் கண்டனியோ எண்டு கேப்பாங்கள். ஓமெண்டு சொல்லு மச்சான்.” “நான் காணேல்லையேடா.” “கொண்டுபோனது உண்மைதானே? நான் உள்ளை கிடந்தது உண்மைதானே? விரலைப் பார். ஒரு சொல்லடா. ஓம். அவ்வளவுதான்.” “பாப்பம்” என்றேன். “என்னத்தைப் பாக்கிறது, அண்டைக்குப் பாத்த மாதிரியோ?” என்றான். சிரித்துக்கொண்டுதான் கேட்டான். பாணுக்கு மாஜரீன் பூசி முதல் துண்டை எனக்குத் தந்தான்.

அடுத்த நாள் கேட்டார்கள். மைதானத்திலிருந்து முகாம் வாசல்வரை அவர் உங்கள் பார்வையில் தொடர்ந்து இருந்தாரா. மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொல்லும் முன்பே எனக்கு விளங்கிவிட்டது, அந்த அளவு ஜெர்மன் வந்திருந்தது. பொய்ச் சாட்சிக்கு என்ன தண்டனை என்று தொடக்கத்திலேயே வாசித்துக் காட்டியிருந்தார்கள். இல்லை என்றேன். எத்தனையோ வருடமாக அதை நேர்மை என்று சொல்லிவருகிறேன். என் மனைவிக்கு அப்படித்தான் சொன்னேன், அவள் நீங்கள் உண்மையைத்தானே சொன்னனீங்கள் என்றாள், அவளுக்கு வேறு என்ன சொல்லத் தெரியும். என்னுடைய விண்ணப்பம் அப்போது அதே கட்டடத்தில் மூன்றாம் மாடியில் இருந்தது. அது அவளுக்குத் தெரியாது. பொய் சொன்னவன் என்று என் கோப்பில் எழுதிவிடுவார்கள் என்று பயந்தேன். நேர்மை இல்லை, மூன்றாம் மாடி. ஏன் காணவில்லை என்று அவர்கள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், அவன் அழுதான், அழுகிறவனைப் பார்க்கக் கூடாது, அதனால் திரும்பிக்கொண்டேன் என்று. கேட்கவில்லை. இல்லை என்பதை மட்டும் எழுதிக்கொண்டார்கள். முடிவுக் கடிதத்தில், விண்ணப்பதாரரின் கூற்றுக்கும் சாட்சியின் கூற்றுக்கும் முரண்பாடு காணப்படுகிறது என்று ஒரு வரி. எனக்கு நிரந்தர விசா வந்த வருடம் அவனைத் திருப்பி அனுப்பினார்கள். கொழும்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது. வெக்கை தாங்கேலாது, லொட்ஜில் இருக்கிறேன், பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானம் இருக்கு, முடிந்தால் பத்தாம் நம்பர் சப்பாத்து ஒரு சோடி அனுப்பு. விசாரணையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அனுப்பினேன். மூன்று மாதத்தில் பார்சல் திரும்பி வந்தது, பெறுபவர் இல்லை என்று முத்திரை. அதற்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை, ஒருவரும் கண்டதாகவும் இல்லை. சப்பாத்து நிலவறையில் பெட்டியோடு இருக்கிறது. ஸ்டோயானுக்குப் பத்தாம் நம்பர் காணாது, பதினைந்து வேண்டியிருக்கும்.

“வருகிறது என்று நினைக்கிறேன்” என்றான் ஸ்டோயான். டாக்டர் எழுந்தார், கையுறையை மாட்டினார், இரண்டு பேரும் கழிப்பறைக்குள் போனார்கள். கதவு திறந்தபடிதான், ஆனால் பார்ப்பது இப்போது டாக்டரின் வேலை, என்னுடையது இல்லை. நான் தனியாக இருக்கிறேன். படிவம் என் மடியில். வெளியே எங்கோ அடுத்த ஆட்டத்துக்கு மேளம் அடிக்கிறார்கள், யாரோ இரண்டு நாடு, யாரோ ஒருவன் கோட்டில் நின்று பந்தைத் தட்டுவான். மூன்றாம் மாடியில் இப்போது என் கோப்பு இல்லை. எனக்கு ஐம்பத்துமூன்று வயது, குடியுரிமை இருக்கிறது, ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் வேலை இருக்கிறது, இந்த அடையாள அட்டையைப் பிடுங்கினால் மைதான ஓரத்தில் நிற்க முடியாது, அவ்வளவுதான். அவ்வளவுதானா. ஒன்பது வருடம் நீச்சல்காரரும் சைக்கிள்காரரும் பார்த்துப் பார்த்து, கடைசியில் இந்த வருடம்தான் இந்தச் சாம்பியன்ஷிப் எங்கள் ஊருக்கு வந்தது, மரத்தரையில் சப்பாத்து கிறீச்சிடுகிற சத்தத்தை மூன்று மீட்டர் தள்ளி நின்று கேட்டேன். இவன் கள்ளம் செய்யவில்லை. அது எனக்கு எப்படித் தெரியும். நெஞ்சைப் பார்த்தேன், தோள் குலுங்கியதைப் பார்த்தேன். பார்த்ததால்தான் திரும்பினேன். உள்ளே தண்ணீர்ச் சத்தம் தொடங்கியது, முதலில் விட்டு விட்டு, பிறகு தாராளமாக. ஓம். ஒரு சொல்லடா. ஆம் என்ற கட்டத்தில் குறுக்கே இரண்டு கோடு இழுத்தேன், அழுத்தி, அடுத்த தாளிலும் பதியும்படி.  இத்தனை வருடம் பிந்தியாவது அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டேன் என்று ஒரு சின்னச் சந்தோஷம் வந்தது, வெட்கங்கெட்ட சந்தோஷம், வேறொருவனுக்குச் சேர வேண்டியதை இவனுக்குக் கொடுத்துவிட்டுச் சரிக்கட்டிவிட்டதாக நினைக்கிற சந்தோஷம்.

“நூற்றுப் பத்து. இரண்டும் சேர்ந்து நூற்றைம்பது” என்றார் டாக்டர். ஸ்டோயான் இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கினான், இன்று அவன் எடுத்த முதல் புள்ளி மாதிரி. ஊற்றினார்கள், மூடினார்கள், முத்திரை எண்களை ஒருவர் வாசிக்க மற்றவர் சரிபார்த்தார். என் தாளை நான் நீட்ட, டாக்டர் மற்றவற்றோடு சேர்த்துச் செருகினார். வீரர்கள் இந்த இடத்தில் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடுவார்கள், பேருந்து காத்திருக்கும், பசி இருக்கும். இவன் முதல் வரியிலிருந்து வாசித்தான், விரலை வைத்து வாசித்தான். கடைசியில் குறிப்புகள் என்று ஒரு பெட்டி இருக்கும், ஒருவரும் எதுவும் எழுத மாட்டார்கள். இவன் பேனாவைக் கேட்டு வாங்கி எழுதினான். நான்கு வரி. டாக்டர் வாங்கிச் சத்தமாக வாசித்தார். ஆட்டத்துக்குப் பிறகு தசைபிடித்துவிடும் அறையில் சுமார் இரண்டு நிமிடம் தனியாக இருந்தேன். அழைத்து வந்தவர் அப்போது என்னோடு இல்லை. மற்றபடி எல்லாம் ஒழுங்காக நடந்தது. டாக்டர் என் தாளை எடுத்துப் பார்த்தார், அவன் தாளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “குலா, நீங்கள் ஆம் என்று குறித்திருக்கிறீர்கள்.” நான் ஸ்டோயானைப் பார்த்தேன். “ஏன் எழுதினாய்?” என்றேன். அவனுக்குக் கேள்வியே விளங்கவில்லை. “நடந்ததுதானே? எதையும் மறைக்காமல் எழுதிவிடு, பிறகு பிரச்சினை வராது என்று எங்களுக்குச் சொல்லித் தருவார்கள்” என்றான். என்னைக் காட்டிக்கொடுக்க எழுதவில்லை. உண்மையை எழுதினால் அது தன் பக்கம் நிற்கும் என்று நம்புகிறான், முப்பத்துநான்கு வருடம் ஒரு காகிதமும் அவனுக்கு எதிராகத் திரும்பியதில்லை. எனக்கு அவன்மேல் வந்த கோபத்தில் காது சுட்டது.

“பயப்பட வேண்டாம்” என்றார் டாக்டர், அவனிடம்தான். “நீங்களே சொல்லியிருப்பதால் பெரிய விஷயம் இல்லை. கேட்பார்கள், விளக்கினால் முடிந்துவிடும்.” அவ்வளவுதான். முடிந்துவிடும். நாலு வருடத் தடை, குழு, வாழ்நாள், எல்லாவற்றையும் என் தலைக்குள் நானேதான் கட்டியிருந்தேன். மேசை இழுப்பறையிலிருந்து இன்னொரு படிவம் எடுத்தார், துணை அறிக்கை, இப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. “நீங்கள்தான் எழுத வேண்டும், குலா. நீங்கள் ஆம் என்று குறித்ததைப் பற்றி நான் தனியாக எழுத வேண்டும். வருத்தமாகத்தான் இருக்கிறது” என்றார். உண்மையிலேயே வருத்தப்பட்டார், நல்ல மனிதர். நாளை முதல் வர வேண்டாம் என்பதைச் சொல்லாமலே சொன்னார். படிவத்தில் கேள்விகள். பார்வையிலிருந்து விலகிய நேரம். இடம். விலகியதற்குக் காரணம். காரணத்துக்கு மட்டும் பத்துக் கோடுகள், முழுசாகப் பத்து, ஒருவன் வேண்டுமென்றால் உட்கார்ந்து கதை சொல்லலாம். அன்றைக்கு அந்த இரண்டாம் மாடியில் இந்தப் பத்துக் கோட்டை ஒருவரும் எனக்கு நீட்டவில்லை. எழுதினேன். வீரர் அழுதுகொண்டிருந்தார். எங்கள் வழக்கத்தில் அழும் ஆணைப் பார்ப்பது மரியாதை இல்லை. ஆகையால் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மூன்று வரிதான் வந்தது. வீரரும் படித்துக் கையெழுத்திட வேண்டும் என்றார் டாக்டர். நான் ஜெர்மனில் எழுதியதை அவரே அவனுக்கு ஆங்கிலத்தில் சொன்னார்.

ஸ்டோயானின் முகம் இறுகியது. “நான் அழவில்லை” என்றான். “அழுதாய்” என்றேன். “வியர்வை. முகத்தைத் துடைத்தேன்.” “தோள் குலுங்கியது.” “மூச்சு வாங்கினேன். நாற்பது நிமிடம் ஓடியிருக்கிறேன், உனக்கு மூச்சு வாங்காதா? இதில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். அழுதேன் என்று ஒரு காகிதத்திலும் இருக்கக் கூடாது.” எல்லாவற்றையும் எழுதுகிறவன், நடந்ததை மறைக்காதவன். டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அப்படியென்றால் இரண்டு கூற்றுக்கும் முரண்பாடு இருக்கிறது” என்றார், யூஜினின் முடிவுக் கடிதத்தில் இருந்த அதே சொல், அமைதியான குரலில், “நான் அதையும் குறிக்க வேண்டியிருக்கும். அல்லது நீங்கள் அந்த வரியை எடுத்துவிடலாம், குலா. உங்கள் விருப்பம்.” ஸ்டோயான் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றான், கண் சிவந்திருந்தது, இமைமயிரில் இன்னும் உப்பு. இந்தத் தடவை நான் முகத்தைத் திருப்பவில்லை, நேராகப் பார்த்தேன், அவன்தான் திரும்பிக்கொண்டான், சுவரில் இருந்த கடிகாரத்தின் பக்கம். முதல் வரியை அடித்தேன். அது போனபிறகு இரண்டாவது வரிக்கு அர்த்தமில்லை, அதையும் அடித்தேன். மூன்றாவதில் ஆகையால் என்ற சொல்லை அடித்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டேன் என்பது மட்டும் மிஞ்சியது, அதற்குக் கீழே ஏழு வெற்றுக் கோடுகள். அவன் கையெழுத்திட்டான், எனக்குக் கை கொடுத்தான், ஐந்து விரலும் நன்றாக மடங்கின. நான் என் பெயரை எழுதி, கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை எழுதினேன். ஐந்து இருபத்திரண்டு. டாக்டரும் பார்த்தார், அவனும் பார்த்தான். அதில் ஒருவருக்கும் ஆட்சேபம் இல்லை.